அணையின் அடிமண்

குளத்து வண்டலை நம் குடியானவர்கள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சித்திரையில் குளம் வற்றி, அடி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது மாட்டுவண்டிகள் இறங்கும். இப்போது டிராக்டர்கள் இறங்குகின்றன. மேட்டுக்காட்டிலிருந்து மழை அரித்து வந்த மண்ணையும் தழையையும் சாணத்தையும் குளம் பிடித்து வைத்திருக்கும். அதை வெட்டி வயலுக்கு அடித்தால் வயல் தேறும், குளமும் ஆழமாகும். வண்டல் அடித்த வயலுக்கு எருச்செலவு குறையும் என்பது தலைமுறைகளாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட கணக்கு. கரம்பையைக் குழைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்த பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நீர் கொண்டுவந்து சேர்ப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிப்போனது. அதை மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். மேலே மலையும் காடும் உழவும் மட்டுமே இருந்த காலம்வரை அது முழு உண்மை.

மேலே சாயப்பட்டறைகளும் பிளேட்டிங் பட்டறைகளும் வந்த பிறகு அதே அடிமண் என்னவாயிற்று என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் ஒரத்துப்பாளையத்தில் போய் நிற்கிறது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயர் கொண்ட ஊரருகே காவிரியில் சேர்கிறது. மழை பெய்தால் ஓடும் ஆறு. அதன் குறுக்கே இருந்த அணைக்கட்டுகளும், அவை நிரப்பிய உக்கடம், சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களும் அந்தக் கொஞ்ச நீரையும் நூற்றாண்டுகளாகச் சிந்தாமல் காப்பாற்றி வந்தன. இந்தத் தொடரின் கடைப்பகுதியில், சென்னிமலைப் பக்கம், 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. மழைவெள்ளத்தைப் பிடித்து ஈரோடு, கரூர் மாவட்டங்களின் காய்ந்த நிலங்களுக்குப் பாய்ச்ச வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அணை எழும்பிய அதே ஆண்டுகளில், சுமார் 30 கிலோமீட்டர் மேலே, திருப்பூர் உலகத்துக்கே பனியன் தைத்துத் தரும் ஊராக வளர்ந்துகொண்டிருந்தது. 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதா உப்பையும் கிளாபர் உப்பையும் மூட்டை மூட்டையாகக் கரைத்தார்கள். போட்ட உப்பு முழுவதும், துணியில் பிடிக்காத சாயமும், கழுவுநீரோடு ஆற்றுக்கு வந்தன. வெள்ளத்துக்காகக் கட்டிய அணையில் சாயத்தண்ணி நிறைந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நம் பாசன வரலாற்றில் அபூர்வமானது. தங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவே தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்டார்கள். தங்கள் நிலம் பார்த்த மதகைத் திறக்க வேண்டாமென்று மன்றாடிய உழவர்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2006இல் தீர்ப்பு வந்து, அது நிறைவேறாமல் கிடந்து, கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகள் மொத்தத்தையும் மூட நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பின்னர் அவை படிப்படியாகத் திறந்தன.

இந்தக் கதை இதுவரை பெரும்பாலும் உப்பின் கதையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் குறிக்கும் டிடிஎஸ் என்ற எழுத்துகள் அந்த வட்டாரத்தில் டீக்கடைப் பேச்சிலேயே புழங்குகின்றன. லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்பும் பலருக்கு மனப்பாடம். நியாயந்தான். கிணற்றில் கரித்தது உப்பு, தென்னையைக் கருக்கியது உப்பு. ஆனால் உப்பு நீரோடு வந்து நீரோடு போவது. நல்ல மழை பெய்து ஆறு தொடர்ந்து ஓடினால் அதில் கணிசமான பங்கு கழுவிப் போய்விடும். கூடவே வந்த உலோகங்களுக்கு அந்தக் குணம் இல்லை. நாம் ஆசையாக உடுத்தும் டர்க்காய்ஸ் நீலச் சாயம் பலவற்றின் மூலக்கூறின் நடுவே ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கிறது. வேறு சில சாயங்களில் குரோமியமும் கோபால்ட்டும். பிளேட்டிங் பட்டறைக் கழிவில் நிக்கல், குரோமியம், துத்தநாகம், சில வேளை காட்மியம். சாலைத் தூசியிலும் நகரச் சாக்கடையிலும் ஈயம். செடியோ நுண்ணுயிரோ சாயத்தின் கரிமப் பகுதியைச் சிதைத்துவிட முடியும். செம்பைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. அது இடம் மாறும், வடிவம் மாறும். தீர்ந்துபோகாது.

நீரில் உலோகம் அதிக தூரம் தனியாகப் பயணம் செய்வதில்லை. களிமண் துகளின் மேல், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளின் மேல், மட்கிய தழையின் மேல் ஒட்டிக்கொண்டு வரும். ஓடும்வரை ஆறு அந்தத் துகள்களைத் தாங்கிச் செல்லும். அணை வந்ததும் வேகம் செத்துவிடும். பருமணல் நீர்ப்பரப்பின் வாலிலேயே விழுந்துவிட, நுண்ணிய களி மட்டும் மிதந்து மிதந்து சுவரடிவரை வந்து படியும். உலோகம் விரும்பி ஒட்டுவது அந்த நுண்களியில்தான். அதனால்தான் அணை நீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதிப்பவர், உலோகம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போக முடிகிறது. அவர் பொய் சொல்லவில்லை. சரக்கு கீழே இருக்கிறது.

கீழே இருப்பது கீழேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு வாதம் உண்டு. பொறியாளர்கள் சிலரே அதை நம்புகிறார்கள். அடிமண் ஒரு பெட்டகம், பூட்டி வைத்தால் போதும் என்பது அதன் உட்கிடை. நான் இதை ஏற்கவில்லை. முதலில், அந்த இடத்தில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். சேற்றைத் தின்று சேற்றைக் கழிக்கும் செம்புழுக்கள், கொசுப் போன்ற சிறு பூச்சிகளின் புழுக்கள், மட்டிகள், நண்டுகள், அவற்றைக் கிளறித் தின்னும் கெளுத்தி, கெளுத்தியைத் தூக்கும் நாரை, வலைபோடும் மனிதன். எல்லா உலோகமும் இந்த ஏணியில் படிக்குப் படி பெருகுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செம்பும் துத்தநாகமும் உயிருக்குச் சிறிதளவு தேவையானவை. அவற்றை ஓரளவு கட்டுப்படுத்த மீன் உடலுக்குத் தெரியும். அளவு மீறினால் செவுளைத் தாக்கிக் கொல்லும், ஆனால் மீனைத் தின்றவரிடம் பன்மடங்காக ஏறாது. காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கிப் பல ஆண்டுகள் வெளியேறாது. பாதரசத்தை அடிச்சேற்று நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டால், அதுதான் ஒவ்வொரு வாய்க்கும் பெருகிப் பெருகி மேலே வருவது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அடிச்சேற்றில் உயிர்வளி இல்லாத ஆழத்தில் கந்தகம் சல்பைடாக இருக்கும். செம்பு, காட்மியம், ஈயம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் அந்தச் சல்பைடோடு இறுகப் பிணைந்து, கிட்டத்தட்ட கரையாத கல்லாகிவிடும். நீருக்கடியில் இருக்கும்வரை அது ஒரு பாதுகாப்பு. நீரை வடித்து அந்தச் சேற்றை வெயிலில் காயவிட்டால் காற்று உள்ளே புகும். சல்பைடு சல்பேட்டாகி, அமிலம் பிறந்து, பிணைப்பு விட்டுப்போகும். அடுத்த மழையின் முதல் நீரில் உலோகம் கரைந்து கிளம்பும். ஒரத்துப்பாளையத்தில் பல ஆண்டுகளாக நீரைத் தேக்காமல் வந்ததை வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். விவசாயிகளின் கோரிக்கைப்படி அது சரியான முடிவு. நானும் அவர்கள் பக்கமே. ஆனால் அதே முடிவு அணையின் அடிமண்ணை மாறி மாறி நனைந்து காயும் தரையாக ஆக்கிவிட்டது. உப்பும் இங்கே சும்மா இருப்பதில்லை. குளோரைடு மிகுந்த நீரில் காட்மியம் குளோரைடோடு சேர்ந்து கரையும் வடிவம் எடுத்து மண்ணிலிருந்து விடுபடும். உப்பின் கதை என்றும் உலோகத்தின் கதை என்றும் நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது அணையின் அடியில் ஒன்றாகத்தான் நடக்கிறது.

இந்த ஆபத்தை அளப்பது எப்படி? உலகம் முழுக்க நீர்த்தேக்க ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது ஸ்வீடனின் லார்ஸ் ஹோகன்சன் 1980இல் வெளியிட்ட கணக்கு. சேற்றில் இருக்கும் உலோகத்தின் அளவை, தொழில்யுகத்துக்கு முன் அது இருந்திருக்கக்கூடிய இயல்பளவால் வகுக்க வேண்டும். கிடைத்ததை அந்த உலோகத்தின் நச்சுத்தன்மைக்கான எண்ணால் பெருக்க வேண்டும். எல்லா உலோகங்களுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் சூழலியல் ஆபத்துக்கு ஒரே எண் கிடைக்கும். பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, ஆர்சனிக்குக்கு 10, ஈயத்துக்கும் செம்புக்கும் 5, குரோமியத்துக்கு 2, துத்தநாகத்துக்கு 1. கூட்டுத்தொகை 150க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 600ஐத் தாண்டினால் மிகக் கடுமை. இந்தக் கணக்கில் எனக்கு மரியாதை உண்டு. பல உலோகங்களின் கெடுதலை ஒரே பார்வையில் அடுக்கிக் காட்ட முயன்ற நேர்மையான வேலை அது.

ஆனால் அது 15 ஸ்வீடிஷ் ஏரிகளை வைத்து உருவான கணக்கு. ஏரியின் உயிர்வளத்தைப் பொறுத்து நச்சு எண்கள் மாற வேண்டும் என்று ஹோகன்சனே ஒரு திருத்தம் வைத்திருந்தார். இன்று அதைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு, குளிர்நாட்டு எண்களை வெப்பநாட்டு ஆழமற்ற தேக்கத்துக்கு அப்படியே ஒட்டுகிறார்கள். குரோமியம் இயல்பைவிட 10 மடங்கு ஏறியிருந்தாலும் அதன் பங்கு 20தான். துத்தநாகம் 20 மடங்கு ஏறியிருந்தாலும் அதே 20தான். இரண்டையும் மட்டும் பார்த்தால் ‘குறைந்த ஆபத்து’ என்ற வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிடும். அந்த உலோகம் களியோடு லேசாக ஒட்டியிருக்கிறதா, பாறைத்துகளின் உள்ளே சிறைப்பட்டிருக்கிறதா என்றும் இந்த எண் கேட்பதில்லை. 1979லேயே டெஸியரும் அவர் சகாக்களும் சேற்று உலோகத்தை ஐந்து படிகளாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கொடுத்திருந்தார்கள்: எளிதில் இடம் மாறுவது, கார்பனேட்டோடு இருப்பது, இரும்பு-மாங்கனீசு ஆக்சைடோடு இருப்பது, கரிமப் பொருளோடும் சல்பைடோடும் இருப்பது, பாறைக்குள் இருப்பது. முதல் இரண்டு படிகளில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் மீனுக்கும் வேருக்கும் முக்கியம். அந்த வேலைக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். மொத்த அளவை எடுத்து ஒரு சூத்திரத்தில் போடுவது எளிது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகியிருப்பதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது வகுக்கும் எண். தொழில்யுகத்துக்கு முந்தைய இயல்பளவை எங்கிருந்து எடுப்பது? இயற்கை ஏரியில் வழி இருக்கிறது. ஒரு குழாயை இறக்கி அடிச்சேற்றைத் தூணாக உருவினால், மேலடுக்கு நேற்றையது, கீழே போகப் போகப் பழையது. ஒரு கட்டத்துக்குக் கீழே மனிதக் கழிவு தொடாத மண் வரும், அதுவே சாட்சி. மனிதர் கரைகட்டிய நீர்நிலைக்கும் இது வாய்க்கலாம். கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை அங்கே ஓடத் தொடங்கியது 1980களில். யூனிலீவரின் கைக்கு வந்து, பாதரசக் கழிவு பிடிபட்டு, 2001இல் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த ஏரிக்குத் தொழிற்சாலைக்கு முன் 100 ஆண்டுகளுக்கு மேலான சேறு இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல அதற்கு ஒரு ‘முன்பு’ உண்டு.

ஒரத்துப்பாளையத்துக்கு அது இல்லை. சாயத்தண்ணி முதலில் வந்தது, அணை பிறகு வந்தது. அதன் முதல் அடுக்கே கறைபட்ட அடுக்கு. சேற்றின் அடி ஆழத்தை இயல்பளவாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் வகுக்கும் எண் பெரிதாகி, ஆபத்து எண் சின்னதாகி, அணை நலமாக இருப்பதாகக் காகிதத்தில் தெரியும். இதைத் தவிர்க்க, அணைக்கு வெளியே, நீர் தொடாத மேட்டு நிலத்தின் பழைய மண்ணை எடுக்க வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில், ஊர்கள் தொடங்குவதற்கு முந்தைய படிவை எடுக்க வேண்டும். சென்ற ஐம்பது ஆண்டுகளில் நாம் கட்டிய எத்தனையோ தேக்கங்களுக்கும் இப்படி ஒரு ‘முன்பு’ இல்லை.

சரி, அளந்தாயிற்று, ஆபத்து என்று தெரிந்தாயிற்று. அள்ளிவிடலாமா? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மில்டவுன் அணைக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கிளார்க் ஃபோர்க், பிளாக்ஃபுட் ஆறுகள் கூடுமிடத்தில், செம்புச் சுரங்க அதிபர் வில்லியம் கிளார்க் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை அது. கட்டி முடித்த சில மாதங்களில், 1908 ஜூனில், பெருவெள்ளம். மேலே பியூட், அனகோண்டா ஊர்களின் சுரங்கக் கழிவை வெள்ளம் வாரிக்கொண்டு வந்து புது அணைக்குள் கொட்டியது. ஏறத்தாழ 50 லட்சம் கன மீட்டர் படிவு அங்கே சேர்ந்தது. யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. 1981இல் பக்கத்துக் கிணறுகளில் ஆர்சனிக் வந்தபோதுதான் அணையின் அடியை நோக்கினார்கள். 1996 குளிர்காலத்தில் பெரும் பனிக்கட்டிகள் ஆற்றோடு நகர்ந்து வந்தன. சுவரைக் காப்பாற்ற நீர்மட்டத்தை இறக்கினார்கள். பனி அடிமண்ணைச் சுரண்டி எழுப்ப, செம்பு கலங்கிக் கீழாற்று மீன்கள் மடிந்தன. பெட்டகம் என்ற வாதம் அன்றோடு தோற்றது. 2008 மார்ச் 28 அன்று அணையை உடைத்து ஆற்றைத் திறந்தார்கள். மிக மோசமான படிவில் சுமார் 17 லட்சம் கன மீட்டரை ரயிலேற்றி, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மேலே, ஆப்பர்ச்சுனிட்டி என்ற சிற்றூரின் அருகிலுள்ள பழைய கழிவுமேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த மேட்டுக்குப் போர்வையாக இந்த மண்ணை விரித்துப் புல் வளர்க்கலாம் என்ற எண்ணம். உலோகம் மிகுந்த மண்ணில் புல் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

மில்டவுனில் ஆறு மீண்டது. அது உண்மையான வெற்றி, அதைச் சிறுமைப்படுத்தும் உரிமை எனக்கில்லை. ஆனால் அணைக்குக் கீழே இருக்கும் மிசூலா நகரத்தாருக்கு ஆறு கிடைத்தது, ஆப்பர்ச்சுனிட்டி ஊராருக்கு மேடு கிடைத்தது. திருப்பூரிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆற்றுக்குப் போகாமல் பிடித்து வைத்த சேறும் கலப்பு உப்பும் கொட்டகைகளில் மூட்டைகளாகச் சேர்ந்தன. உலோகம் விஷயத்தில் ‘சுத்தம்’ என்பது எப்போதும் ஓர் இடத்தின் சுத்தம். மாற்றி வைக்கப்படும் இடத்தில் வாழ்பவரிடம் யார் கேட்டார்கள் என்பதை எந்த ஆபத்து எண்ணும் சொல்லாது. அதை ஊர்தான் கேட்க வேண்டும்.

இதனால்தான் வண்டலைப் பற்றிய என் கவலை பெரிதாகிறது. நம் நாட்டில் அடிமண்ணை அள்ளினால் அது போய்ச் சேரும் இடம் கழிவுமேடு இல்லை, வயல். 1934இல் கட்டிய மேட்டூர் அணையிலேயே 2017இல் வண்டல் அள்ள விவசாயிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஏரி, குளங்களில் இலவசமாக வண்டல் எடுக்க நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று விதி இருக்கிறது; 2024இல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று நடைமுறையை எளிதாக்கினார்கள். மலையடிவாரக் குளத்துக்கு இது அருமையான ஏற்பாடு, நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் பிளேட்டிங் பட்டறைத் தெருவின் சாக்கடை வந்து விழும் நகரக் குளத்தின் மண்ணும், தோல் பதனிடும் ஊரின் கீழே இருக்கும் ஏரி மண்ணும் பார்வைக்கு அதே கறுப்பு, அதே வழவழப்பு. மோந்து பார்த்தோ பிசைந்து பார்த்தோ காட்மியத்தைக் கண்டுபிடிக்கும் விரல் எந்தக் குடியானவருக்கும் இல்லை. அவருடைய அனுபவ அறிவு முழுவதும் கைவிடும் முதல் இடம் இது.

ஜப்பானின் ஜின்சு ஆற்றில் நடந்தது இதேதான். கமியோகா சுரங்கத்தின் காட்மியம் பாசன நீரோடு நெல்வயலில் படிந்தது. நெல் அதை எடுத்தது. அந்தச் சோற்றைத் தின்ற பெண்களின் எலும்பு நொறுங்கியது. 1968இல் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களின் மண்ணை மாற்றிச் சீராக்கும் வேலை 2012இல்தான் முடிந்தது. நெல்லுக்கும் காட்மியத்துக்கும் உள்ள உறவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் சல்பைடாகி அடங்கியிருக்கும். நீரை வடித்துக் காயவிட்டால் அணையின் அடியில் நடந்த அதே மாற்றம் வயலில் நடக்கும், வேர் எளிதாக உறிஞ்சும். ஆர்சனிக்குக்கு நேர்மாறு. தண்ணீர் சிக்கனத்துக்காக நாம் பெருமையோடு கடைப்பிடிக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும், சுத்தமான வயலில் எந்தக் கெடுதலும் செய்யாது. காட்மியம் ஏறிய வண்டலை அடித்த வயலில் அதே பழக்கம் நெல்மணிக்குள் விஷத்தை ஏற்றிவிடக்கூடும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தொழில் ஊர்களின் கீழே இருக்கும் ஒவ்வொரு குளத்திலும் அணையிலும், டிராக்டர் இறங்குவதற்கு முன், அடிமண்ணில் காட்மியம், ஈயம், குரோமியம், செம்பு, நிக்கல், பாதரசம் எவ்வளவு, அதில் எளிதில் கரையும் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இயல்பளவை எந்த மண்ணிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிவைத் தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்க வேண்டும். மண் அள்ள வயல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஊருக்குப் பாரமாகாது. ஒரத்துப்பாளையத்தில் மாதிரி எடுக்கத் தொடங்க வேண்டிய இடம் சுவரடி. நுண்களி தடித்துப் படிந்திருப்பதும் அங்கேதான், ஷட்டர் வழியாக வெள்ளம் பாயும்போது முதலில் பெயர்ந்து கரூரை நோக்கிக் கிளம்புவதும் அங்கிருந்துதான்.